கதவைத் திறக்காதே வினில்

மூன்று முறை சொல்லிவிட்டேன்.
அது சைரன் கதவு.
தொட்டால் ஊர்ச் சுடுகாடே எழுந்து ஓடிவரும்.
நாலுபேரும் சேரட்டும், குண்டு நிரப்பிக்கொள்ளட்டும்,
நான் இந்த ஏணியிலிருந்து இறங்கிக்கொள்கிறேன்,
அதற்குப் பிறகு.

திறந்துவிட்டான்.

வெள்ளறடையில் அவன் வீடு,
பனச்சமூட்டில் என் வீடு.
நடுவில் ஒரு சந்தை, இரண்டு மாநிலம்,
மரச்சீனிக்கு இரண்டு விலை.
நல்ல ஃபைபர் கனெக்‌ஷன் இருப்பதால்
ஆட்டம் அவன் வீட்டில்தான் நடக்கிறது.
அங்கே கரண்ட் போனால்
இங்கே நாங்கள் ஒருசேர இல்லாமல் போவோம்.
போன செவ்வாய் அப்படித்தான்,
ஹெலிகாப்டர் படியில் ஒரு கால் வைத்திருந்தேன்,
நாற்பது நிமிடம் சேர்த்த உயிர்.
"கரண்டு போயி, எந்து செய்யும்?" என்று
மறுநாள் கேட்டான், என்னிடம்.

அஜின் வேறு ரகம்.
முன்னால் ஓடுவான்.
திரும்பிப் பார்ப்பது அவன் குடும்பத்திலேயே கிடையாது.
நூறடி தாண்டி நின்று
"வாங்கல மக்கா, இங்க ஒண்ணும் இல்ல" என்பான்.
இருக்காது.
வந்ததெல்லாம் என்மேல் ஏறிக்கொண்டிருக்கும்.
எப்போதாவது உதவிக்கு வருவான்,
வந்து என் முதுகில் சுடுவான்.
"சட்டை ஒரே நெறமாட்டு இருக்குல்லா."
பிணம் இல்லை என்று காட்ட
நான் என்னதான் உடுத்துவது?

மருந்துப் பெட்டி விஷயத்தைப் பேசாமல் விடுவது நல்லது.
கீறல் இல்லாதவன் எடுத்துக்கொள்வான்,
சாகக் கிடப்பவன் கேட்பான்,
"பொறவு தேவைப்படும்" என்பான் எடுத்தவன்.
பேசிவிட்டேன்.

நாலாவது ஸ்டெபின்.
பாவம், நல்ல பையன். ஆனால்
பாதி ஆட்டத்தில் சொல்லாமல் எழுந்து போய்விடுவான்.
சாப்பாடு, இல்லாவிட்டால் தூக்கம்.
அவன் போனதும் அவன் பெயரிலேயே
மெஷின் ஆடத் தொடங்கும்.
அந்த ஸ்டெபின் என் பக்கத்திலேயே நடக்கிறான்,
கதவுகளைத் தொடுவதில்லை,
நான் விழுந்தால் எத்தனை பேர் கடித்தாலும் வந்து குனிகிறான்.
நேற்று தன்னிடமிருந்த ஒரே கட்டை எனக்குக் கட்டினான்.
"தேங்க்ஸ் டே" என்றேன் மைக்கில்.
இரண்டு மாநிலமும் சிரித்தது.

இரண்டே முக்காலுக்குத் தோற்றோம்.
மூன்றரைக்குப் பால்வெட்டு.

நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
ரப்பர் தோட்டத்தில் ஏறினேன்.
முந்நூற்றுப் பத்து மரம், வரிசை வரிசையாக.
ஒன்றும் ஓடிவரவில்லை.
கீறினால் பால் சிரட்டைக்கு இறங்குகிறது,
தலைக்கு மேல் பாயிண்ட் எதுவும் எழுவதில்லை.
அடுத்த பிளாக் அஜினுக்கு.
அவன் வெளிச்சம் சரிவில் எனக்கு மேலே,
இங்கேயும் முன்னால்.

நூற்றுச் சொச்சத்தில் என் லைட் செத்தது.
சருகில் ஏதோ நகர்ந்தது, பன்றியாக இருக்கலாம்.
கையில் பால்கத்தி, அது பட்டையைத் தாண்டி எதையும் அறுத்ததில்லை.
"அஜினே" என்றேன்.
காதில் பாட்டை மாட்டியிருப்பான்.
அவன் வெளிச்சம் ஒரு மரத்தின் பின்னால் போய்
இன்னொரு மரத்தின் பின்னால் போய்
வரவில்லை.

நின்றேன்.
கூட்டாளி எத்தனை அடி தூரத்தில் என்று
காட்டுவதற்கு இங்கே ஓரத்தில் எண் கிடையாது.

அப்புறம் அது திரும்பியது.
ஆடி ஆடி, நேராக என்னைப் பார்த்து இறங்கியது.
எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, சொல்வதற்கென்ன.

"ஒனக்கு வேண்டி வரல்ல, கேட்டியா" என்றான் வந்ததும்.
"சாணக்கல்ல விட்டுட்டுப் போயிட்டேன்."
எடுத்தான். இரண்டு இழுப்பு தீட்டினான்.
என் நெற்றியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி நடந்தான், முன்னால்தான்,
ஆனால் எல்லை வரிசையை ஒட்டி,
என் மரங்களிலும் பாதி வெளிச்சம் விழுகிற மாதிரி.

தெரிந்து செய்தானோ என்னவோ.
நான் கேட்கவில்லை.
மருந்துப் பெட்டியை மட்டும்
நாளைக்கும் அவனுக்குக் கொடுப்பதாக இல்லை.